எண்ணாமல் வெட்டிய நூல்

தரங்கம்பாடி
13-2-1972

அன்புள்ள தம்பி வைரக்கண்ணுவுக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது முழங்கால் மட்டும் கடல்காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. நீயும் செவ்வந்தியும் எப்படி இருக்கிறீர்கள்? கூலித் தகராறில் உங்கள் பக்கம் சம்பா அறுவடை நின்றுபோனதாகப் பேப்பரில் பார்த்தேன். நீ அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் பொழுது நீளமாக இருக்கிறது. அதற்காக ஒரு வேலை கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. முத்து மாலை கட்டுவது. பக்கத்து வீட்டு ரசியா பேகம் சொல்லித் தருகிறாள். அவள் கணவர் நெய்னா முகம்மது சிங்கப்பூரிலிருந்து வரும்போது பட்டு நூலும் கண்ணாடி முத்தும் கொண்டுவருகிறார். ஒரு முத்தைக் கோத்ததும் நூலில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். அது இறுகுவதற்கு முன் ஊசியை உள்ளே விட்டு, முத்தின் அடிவரை தள்ளிக்கொண்டு போய் அங்கே இறுக்க வேண்டும். பிறகு அடுத்த முத்து. இப்படிக் கட்டினால் நூல் அறுந்தாலும் ஒன்றுதான் உதிரும். முத்தோடு முத்து உரசாது. சொல்வது எளிது. என் முடிச்சுகள் முத்தை விட்டு அரை அங்குலம் தள்ளியே நிற்கின்றன. "என்ன டீச்சர், முத்துக்கும் முடிச்சுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்கிறாள் ரசியா. இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியாது. வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வாரத்தில் ஒன்பது முறை வெட்டியிருக்கிறேன்.

பதினைந்து வயதில் தாலி அறுத்தவளுக்கு நகை எதற்கு என்று ஊரில் யாராவது கேட்டால், கட்டுகிறவளே போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை எனச் சொல்.

சட்டம் என்றதும் அடுத்த விஷயம். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யப் போகிறார்களே, நீ மனுக் கொடுத்தாயா? அப்பா காலத்திலிருந்து முப்பத்தேழு வருடமாக நம் வீடு உழுகிற பதினைந்து மா நிலம் அது. உன் பெயர் ஏறிவிட்டால் பண்ணை உன்னை இறக்கிவிட முடியாது. அரசாங்கத்தை நான் அதிகம் நம்புகிறவளில்லை. எழுத்தில் ஏறியதை ஓரளவு நம்புவேன்.

செவ்வந்தியை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா
ராசம்மாள்


வேப்பங்கோட்டகம்
திருத்துறைப்பூண்டி தாலுகா
9-3-72

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வைரக்கண்ணு வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் நல்லபடி இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு செவ்வந்தி நொச்சித் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வரும் ஆள் கிடைத்ததும் கொடுத்தனுப்புகிறேன்.

எட்டு நாள் அறுவடை நின்றது உண்மைதான். செங்கொடிக்காரர்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். பண்ணையில் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் பதினைந்து மாவை நானும் செவ்வந்தியும் அவள் அண்ணன் வீட்டாருமாக அறுத்துக் களம் சேர்த்துவிட்டோம். சங்கத்து வீரையன் வந்து, "ஏன்யா, நீ பண்ணை ஆளா, எங்க ஆளா?" என்று கேட்டான். "நான் நெல்லு ஆளுய்யா" என்றேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பதிவு விஷயமாக ஆடி மாதம் ஆபீசர் வந்து முகாம் போடுவாராம். பண்ணையில் ஆட்சேபணை சொன்னால் வழக்கு, வாய்தா என்று இழுக்கும். பண்ணைக் கணக்குப் பார்க்கும் காரியக்காரர் பஞ்சநதம், "ஐயா மனசு வச்சா ஒரு நிமிஷ வேலை. நீ ஏன் முந்திக்கிட்டு ஓடுற?" என்கிறார். மனத்தாங்கல் இல்லாமல் முடிந்தால் நல்லதுதானே அக்கா. தினமும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஒன்பது தடவை வெட்டியதைப் படித்துக் காட்டினேன். "அண்ணிக்கு இம்புட்டு பொறுமை இருக்குறது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குத் தெரியுமா?" என்று செவ்வந்தி கேட்கிறாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
வைரக்கண்ணு


வேப்பங்கோட்டகம்
20-4-72

அண்ணிக்கு செவ்வந்தி எழுதிக்கொண்டது,

நாங்கள் சுகம். தைலம் சேர்ந்ததா, கால் தேவலையா? அஞ்சாவதோடு நின்ற எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பண்ணை வீட்டுக்கு நெல் புடைக்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் நீங்கள் முத்துக் கட்டுவதைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா உடனே உள்ளே போய் ஒரு மாலையை எடுத்துவந்தார்கள். அவர்கள் தாயார் காலத்துக் கொழும்பு முத்தாம். நூல் கறுத்துத் தொளதொளவென்று இருக்கிறது. "கும்பகோணத்துல குடுத்தா ஒரு மாசம்ங்கிறான். ஆனியில பொண்ணுக்குக் கல்யாணம். ஒன் நாத்தனா செஞ்சு குடுப்பாளா? படிச்சவ, சுத்தமாச் செய்வா" என்றார்கள். நான் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். அன்றைக்கு இரண்டு பிடி சோறு கூடத் தின்றார்கள். ஆடியில் ஆபீசர் வரும்போது அந்த வீட்டில் நம் மேல் ஒரு நல்லெண்ணம் இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள் போல. உங்களுக்கு முடியாது என்றால் வேண்டாம் அண்ணி. முடியும் என்றால் உங்கள் தம்பியே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

பதில் போடவும்.

செவ்வந்தி


தரங்கம்பாடி
24-5-1972

அன்புள்ள தம்பிக்கு,

நீ மாலையோடு நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே வெயில் கடுமை; தலைவலி தவிர வேறு தொந்தரவு இல்லை. நேரில் பேசும்போது விட்டுப்போனதை எழுதுகிறேன்.

செவ்வந்தியின் கடிதம் வந்தபோது வேண்டாம் என்று எழுதத்தான் கார்டை எடுத்தேன். தயவுக்காகச் செய்கிற வேலை பதிவேட்டில் ஏறாது. ஆனாலும் உனக்காகச் சரி என்றேன்.

அதுவரை நான் தொட்டதெல்லாம் கண்ணாடி. உண்மையான முத்து கையில் எடுத்ததும் குளிர்ந்திருக்கிறது. சிறிது நேரத்தில் கைச்சூட்டை வாங்கிக்கொள்கிறது. தூரத்தில் எல்லாம் வெள்ளை. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் ஒன்று லேசாக மஞ்சள், ஒன்று சாம்பல், ஒன்று பிறந்த குழந்தையின் நகம். பழைய நூலில் வியர்வையும் எண்ணெயும் ஊறி, முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே இடம் விழுந்து, ஒவ்வொரு முத்தும் தன் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முடிச்சாக வெட்டி, வரிசை மாறாமல் துண்டில் பரப்பினேன். பெரியது நடுவில் வரவேண்டும். இடம் மாறினால் மாலை கோணிவிடும். பழைய நூல் துணுக்குகளின் அழுக்கு தாங்கவில்லை. கூட்டி வெளியே கொட்டிவிட்டேன்.

பதினோரு நாள் வேலை. எழுபது முடிச்சில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. ஒவ்வொரு முடிச்சும் முத்தின் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. ரசியா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே எனக்கு நீங்க சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றாள். அவள் அப்படியெல்லாம் புகழ்கிறவள் இல்லை.

அந்த அம்மாவிடம் கூலி எதுவும் வாங்கிவிடாதே. பதிவைப் பற்றி ஐயாவிடம் வாய்விட்டுக் கேள். முகாம் தேதி தெரிந்ததும் எழுது. லீவு போட்டுவிட்டு நானும் வந்து உன்னோடு நிற்கிறேன்.

வெயிலில் அலையாதே. செவ்வந்திக்கு என் அன்பு.

ராசம்மாள்


வேப்பங்கோட்டகம்
26-6-72

அக்கா அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். மாலையைக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் திருப்தி. கல்யாணம் நல்லபடி நடந்தது.

இனிமேல் மற்றவர் நகை எதையும் வாங்கி வைக்க வேண்டாம். கண்ணுக்குக் கெடுதல். யாராவது வந்து அந்த மாலையைப் பற்றிக் கேட்டாலும் ஒன்றும் பேச வேண்டாம்.

செவ்வந்தி கேட்டதாகச் சொன்னாள்.

வைரக்கண்ணு


தரங்கம்பாடி
12-8-1972

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவர் உடல்நலத்தை அறிய இது மூன்றாவது முயற்சி. ஜூலையில் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. என் முழங்கால் தேறிவிட்டது. செவ்வந்தியிடம் அதைச் சொல்; அவளாவது கேட்டுக்கொள்ளட்டும்.

ஆடி முடியப் போகிறது. முகாம் நடந்ததா? உன் பெயர் ஏறியதா? ஆட்சேபணை வந்திருந்தால் சொல். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் மாயவரத்தில் இருக்கிறார்.

உன் ஜூன் மாதக் கடிதம் எனக்குப் புரியவில்லை. மாலையைப் பற்றி என்னிடம் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? திருப்தி என்றால் கேட்க என்ன இருக்கிறது? நான் இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்துகிறேன். ஒரு வரியில் எழுதப்படும் பதிலை நான் நம்புவதில்லை.

உடம்பு சரியில்லை என்றால் மறைக்காதே.

ராசம்மாள்


திருத்துறைப்பூண்டி
30-8-72

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். பதில் போடத் தாமதம் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். இருவரும் நலம்.

குத்தகையை விட்டுவிட்டேன். யாரும் சொல்லி விடவில்லை, நானாகத்தான். சேற்றில் நின்றால் கால் வீங்குகிறது. கூலித் தகராறும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. இங்கே ஒரு அரிசி மில்லில் வேலை. நெல்லை அவிக்கிற இடம். நிழலில் வேலை, மழைக்கும் வெயிலுக்கும் பயமில்லை. செவ்வந்திக்கும் டவுன் பிடித்திருக்கிறது. இனி மில் விலாசத்துக்கே எழுதுங்கள்.

முகாமுக்கு நான் போகவில்லை. வக்கீல் எல்லாம் வேண்டாம்.

இதற்காக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

வைரக்கண்ணு


திருத்துறைப்பூண்டி
20-9-72

அண்ணிக்கு,

நல்லா இருப்பீங்கன்னு நெனைக்கிறேன். உங்க தம்பிக்குத் தெரியாம எழுதுறேன். அவங்க மில்லுக்குப் போயிருக்காங்க. பேசுற மாதிரியே எழுதிடுறேன், அப்பதான் எழுத முடியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாளு அந்தம்மா மாலையப் போட்டுப் பாத்தாங்க. முன்ன நெஞ்சுக் குழிக்குக் கீழ தொங்குமாம். இப்ப ரெண்டு விரல்கடை மேல நிக்குது. "எங்க வர்ற மால எங்க நிக்குது பாரு"ன்னு சத்தம் போட்டாங்க. பஞ்சநதம் வாங்கிப் பாத்துட்டு, "நாலு முத்தாவது போயிருக்கும்மா"ன்னாரு. ஆள் விட்டு உங்க தம்பிய வரச் சொன்னாங்க. நானும் கூடப் போனேன்.

இவங்க கொல்லையில நின்னுக்கிட்டு, "எண்ணிக் குடுத்தீங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. "நம்பிக் குடுத்தோம். எண்ணி வேற குடுக்கணுமா ஒனக்கு?"ன்னாங்க அந்தம்மா. ஐயா எழுந்து உள்ள போயிட்டாரு. பஞ்சநதந்தான் வெளிய வந்து மெதுவா, "டீச்சரு பேர்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாங்களா? இல்ல, பிரச்சினையே வேணாம்னா ஒரு வழி இருக்கு"ன்னாரு. பதினஞ்சு மாவயும் சம்மதிச்சுத் திருப்பிக் குடுக்குறதா எழுதி வச்சிருந்தாரு. முன்னாடியே எழுதி வச்சிருந்தாரு அண்ணி.

நாலு நாளு இவங்க சோறு திங்கல. "அண்ணிக்கு ஒரு கார்டு போட்டுக் கேளுங்க, என்ன ஏதுன்னு சொல்லுவாங்கல்ல"ன்னேன். "அத மட்டும் கேக்காத"ன்னு கத்துனாங்க. பதினெட்டு வருசத்துல எம்மேல கத்துனதில்ல. அஞ்சாம் நாளு போயிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

இப்ப அதுல பஞ்சநதத்தோட மச்சினன் நாத்து விட்டிருக்கான். ஊருக்குப் போக வேண்டி வந்தா, இவங்க வயலு கண்ணுல படாம சுத்திக்கிட்டு ஆத்தங்கரையோட போறாங்க.

நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க எண்ணுனீங்களா?

செவ்வந்தி


தரங்கம்பாடி
21-10-1972

வைரக்கண்ணுவுக்கு,

நீ நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நலம் என்றே எழுதுவாய். செவ்வந்தி எனக்கு எழுதினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

முதலில் இதைக் கேட்டுக்கொள். நான் ஒரு முத்தும் எடுக்கவில்லை. முப்பது வருடம் கழுத்தில் கிடந்த பட்டு நூல் இழுபட்டு நீண்டுவிடும். புது நூலில் நெருக்கிக் கட்டினால் அதே முத்துகள் இரண்டு விரல்கடை குறைவாகத்தான் நிற்கும். நான் நன்றாகக் கட்டியதால் குறைந்தது. கடிதத்தைப் படித்ததும் ரசியாவிடம் போனேன். "ஐயோ டீச்சர், சொந்தக்காரங்க முன்னால எண்ணிக் காட்டாம எந்தக் கடைக்காரனும் நூல வெட்ட மாட்டான். பழைய நூலையும் பொட்டலம் கட்டித் திருப்பிக் குடுத்துடுவான். நீங்க பொழுதுபோக்குக்குக் கட்டுறவங்க. சொல்லணும்னு எனக்கும் தோணலையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். முத்துக்குப் பக்கத்தில் முடிச்சைக் கொண்டுபோக நாலு மாதம் படித்தேன். எண்ண வேண்டும் என்பதைப் படிக்கவில்லை. கட்டி முடித்தபின் எழுபத்தொன்று என்று எனக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன் எத்தனை என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அதுவும் தவறு. சரஸ்வதி பூஜை விடுமுறையில் வேப்பங்கோட்டகம் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. அந்த அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். மாலை அவர் கழுத்திலேயே இருந்தது. நான் பேச்சை எடுப்பதற்குள் அவரே சொன்னார்: "கும்பகோணத்துக் கடைக்காரரு ஆடியிலயே பாத்துட்டாரு டீச்சர். முன்ன அவருதான் கட்டிக் குடுத்தது, எழுதி வச்சிருக்காரு. எழுபத்தொண்ணு சரியா இருக்கு, நூலு புதுசு, அதான் கிட்டக்க நிக்குதுன்னாரு. நல்லாக் கட்டியிருக்கீங்கன்னு சொன்னாரு."

"அப்படியானால் என் தம்பி எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"அது நெலத்து விஷயம். ஐயாவும் ஆபீசும் பாக்குறது. ஒங்க தம்பிதான் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாரே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்றார். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவர்கள் செய்ததைப் பற்றி எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. உன்னைத்தான் கேட்கிறேன். காலணாச் செலவுக்கும் எனக்கு எழுதி அனுமதி கேட்கிறவன் நீ. ஒரு கார்டு போட்டு "அக்கா, எண்ணிக்கை சரிதானா?" என்று கேட்டிருந்தால் மூன்றாம் நாள் பதில் வந்திருக்கும். நிலம் போவதற்கு நாலு நாள் இருந்தது. ஏன் கேட்கவில்லை?

பதில் வேண்டும்.

ராசம்மாள்


திருத்துறைப்பூண்டி
27-11-72

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். செவ்வந்திக்குக் காய்ச்சல் வந்து தேறியிருக்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை. மழை விடாமல் பெய்கிறது. தண்ணீருக்குக் குறைவில்லாத வருடம் என்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

அன்றைக்கு மாலையைச் சம்படத்தில் வைத்து என் கையில் கொடுத்தீர்கள். கொடுத்துவிட்டு மறுபடியும் வாங்கி, மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்தீர்கள். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பண்ணையில் நாலு முத்து குறைகிறது என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எனக்கு விவரம் தெரிந்த நாளாக உங்கள் கழுத்தில் ஒரு கறுப்பு மணிகூடப் பார்த்ததில்லை. ஆசைப்பட்டு எடுத்திருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. கேட்டால் நீங்கள் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்லியாக வேண்டும். என் அக்காவை இரண்டில் எதையும் சொல்ல வைக்கக் கூடாது என்று நினைத்தேன். நிலம் என்ன, பண்ணையுடையதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்படி நினைத்தது தப்பு. உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும்.

தம்பி
வைரக்கண்ணு


தரங்கம்பாடி
8-1-1973

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வந்திக்குக் காய்ச்சல் திரும்பவில்லையே? நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நீ மன்னிப்புக் கேட்டதற்குப் பதில் எழுத ஒரு நாள் போதும். மற்றதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

வேலை முடிந்த அன்று மத்தியானம் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த மாலையைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடி பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ரசியா வந்து கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. மறுநாளும் போட்டுக்கொண்டேன். நீ வந்த அன்று காலையிலும். உன் கையில் கொடுத்தபோது அது என் சூட்டோடுதான் இருந்தது.

உனக்காகச் செய்தேன் என்று எழுதியிருந்தேன். உண்மையில் உனக்காக என்றால், முடியாது என்று எழுதி அந்தக் கார்டைத் தபாலில் சேர்த்திருக்க வேண்டும். எனக்கு உண்மையான முத்தைத் தொட வேண்டியிருந்தது. நாற்பத்தொன்பது வயதில் அப்படி ஒரு ஆசை இருந்ததென்று நானே ஒப்புக்கொண்டதில்லை. நீ வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு அதைப் பார்த்துவிட்டாய். முத்து விஷயத்தில்தான் நீ நினைத்தது தப்பு.

என்னைத் திருடி என்று எண்ணினாயே என்று கோபமாக இருந்தேன். திருடியிருந்தாலும் பரவாயில்லை என்று எண்ணியிருக்கிறாய். அதைப் படித்தபின் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தாசில்தாருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்றும், முத்துகளின் எண்ணிக்கை சரி என்றும் எழுதியிருக்கிறேன். உன் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. வக்கீலுக்கு அதிக நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. இருந்தாலும் எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் உன் இஷ்டம்; இந்த முறை நான் கேட்கிறேன், நீ வாய்விட்டுப் பதில் சொல்.

பொங்கலுக்கு முதல் நாள் வருகிறேன். நம் வீட்டில் கடை அரிசியில் பொங்கல் வைப்பது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. நீ மில்லில் கேட்டு வாங்க வேண்டாம். நான் இங்கிருந்தே வாங்கி வருகிறேன். எத்தனை படி வேண்டும் என்று செவ்வந்தியைக் கேட்டு உடனே ஒரு கார்டு போடு.

அக்கா
ராசம்மாள்